ராசியில்லா ராஜாவும் மடலேறிய தலைவனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஒரு திரைப்பாடலிலிருந்து தொடங்கிச் சங்க இலக்கியத்திற்கு வந்து சேர்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கிப் பின் இசைந்தார்கள். அவர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு. திரைப்பாடலை இலக்கிய மேடையில் ஏற்றுவதா என்ற கேள்வி நம்மிடையே பழைய கேள்வி. ஆயினும், ஒரு பாடல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வட்டாரத்து இளைஞர்களின் வாயில் வழங்கி வருமானால், அது எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று ஆராய்வது இலக்கிய மாணவனின் கடமையே ஆகும். நாட்டுப்புறப் பாடலுக்கு நாம் தரும் அந்த மரியாதையை இதற்கும் தருவோம்.

நான் எடுத்துக்கொண்ட பாடல், 1980ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'ஒருதலை ராகம்' திரைப்படத்தில் இடம்பெற்ற 'நான் ஒரு ராசியில்லா ராஜா' என்பது. எழுதி இசையமைத்தவர் டி. ராஜேந்தர். பாடியவர் நம் மதுரை மண் தந்த டி. எம். சௌந்தரராஜன்.

பாடலும் படமும்

படத்தின் கதையைப் பலரும் அறிவீர்கள். மாயவரம் பக்கத்துக் கல்லூரி ஒன்று. அதற்கு நாள்தோறும் இரயிலில் சென்று வரும் மாணவர்கள். அவர்களில் ராஜா என்றொருவன், சுபத்ரா என்றொருத்தி. அவன் காதலிக்கிறான். அவளும் காதலிக்கிறாள், ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. இறுதியில் அவள் மனம் துணிந்து சொல்ல வரும்போது, அவன் இரயில் பெட்டியில் உயிரற்றுக் கிடக்கிறான். இயக்கம் தயாரிப்பாளர் இ. எம். இப்ராகிம் பெயரில் வந்தது. சங்கர், ரூபா என்ற புதுமுகங்கள் நடித்தார்கள். பெரிய நடிகர் எவரும் இல்லாத இந்தப் படம் தமிழகமெங்கும் நெடுநாள் ஓடியது. ஓட வைத்தவை பாடல்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

பாடலின் நயம் அதன் முதலடியிலேயே இருக்கிறது. தலைவனின் பெயர் ராஜா. பெயரளவில் அரசன், பேறளவில் ஆண்டி. அந்தப் பெயரை வைத்தே அவன் தன்னை எள்ளிக்கொள்கிறான். பிறர் எள்ளுமுன் தன்னைத் தானே எள்ளிக்கொள்வது காயம்பட்ட இளமையின் இயல்பு. பழைய சோகப் பாடல்களில் பெரும்பாலும் விதி பேசும், தத்துவம் பேசும், உலகியல் பேசும். இந்தப் பாடலில் 'நான்' பேசுகிறது. 'வாழ்க்கை இப்படித்தான்' என்று சொல்லிக் கேட்பவனைத் தேற்றும் முயற்சி இதில் இல்லை. 'எனக்கு இப்படி ஆயிற்று' என்பதோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இப்படத்தின் பாடல்களை எஸ். பி. பாலசுப்பிரமணியம், பி. ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன், டி. எம். எஸ். ஆகியோர் பாடியிருக்கிறார்கள். பெண் குரலில் ஒரு பாடல்கூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இதற்குத் திரும்ப வருவேன்.

மதுரைக் குரல்

டி. எம். எஸ். 1922ஆம் ஆண்டு மதுரையில் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்தார். தமிழ் அவருடைய வீட்டு மொழி அன்று. எனினும் தமிழின் வல்லினமும் மெல்லினமும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை மூன்று தலைமுறைக்குக் காட்டியவர் அவர். பாகவதரின் பாட்டில் தோய்ந்து வளர்ந்து, 'கிருஷ்ண விஜயம்' படத்துக்காக 1946இல் முதன்முதலில் திரையில் பாடினார். அப்படம் 1950இல் வெளிவந்தது. 1954ஆம் ஆண்டு 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும், அதே ஆண்டு 'மலைக்கள்ள'னில் எம். ஜி. ஆருக்கும் குரல் கொடுத்தார். 1962இல் பட்டினத்தாராகத் தாமே நடித்துப் பாடினார். பெற்றவளின் ஈமத்தீயின் முன் நின்று பாடிய துறவியின் வேடம் அது.

'ஒருதலை ராகம்' வந்தபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவனுக்கு ஏன் அந்தக் குரல்? அதே படத்தில் அதே மாணவனின் காதலுக்கு இளங்குரல்கள் பாடுகின்றனவே! என் கருத்து இது: காதலிக்கும்போது மனிதன் தன் வயதில் இருக்கிறான், துயரப்படும்போது தன் தந்தையின் வயதுக்குப் போய்விடுகிறான். ஒரு தலைமுறை முழுவதும் ஆண்களின் துக்கத்தைத் தாங்கிய குரல் ஒன்று இருந்தது. பழக்கமான அந்தக் குரலைக் கொண்டுவந்து புதிய துக்கத்துக்குப் பொருத்தினார் கவிஞர். அதனால்தான் அப்பாடல் மாணவர் விடுதியிலும் கேட்டது, மாட்டுவண்டி ஓட்டுபவரிடமும் கேட்டது.

மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் மைக்செட்டுக்காரருக்கு ஓர் இலக்கணம் இருந்தது. கல்யாண வீட்டுக்கு ஓர் இசைத்தட்டுக் கட்டு, கேத வீட்டுக்கு வேறொரு கட்டு. கேத வீட்டுக் கட்டில் பெரும்பகுதி டி. எம். எஸ். குரலே. ஊரெல்லையில் வரும்போதே புளியமரத்துக் குழாயில் அந்தக் குரல் கேட்டால், யார் வீட்டில் என்ன என்று நடை தளர்ந்துவிடும்.

ஆண்களுக்கு ஓர் ஒப்பாரி

நம் சமவெளிகளில் துக்கத்துக்குத் தனி மொழி உண்டு. அது பெண்களின் மொழி. வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, மாரடித்துப் பாடுகிறார்கள். அதில் இறந்தவர் புகழ் மட்டுமா வருகிறது? உடன்பிறந்தவன் செய்யாமல் விட்ட சீர், மாமியார் சொன்ன சொல், தன் வாழ்வின் பொறாத பாரங்கள் எல்லாம் வருகின்றன. சாவு ஒன்று, அதன் பேரில் அழப்படும் துக்கங்கள் பல. ஒப்பாரி இந்த வகையில் ஒரு வடிகால்.

பறையோடு வரும் தொழில்முறைக் கலைஞர்களை விட்டால், ஆண்களுக்கு இந்த வடிகால் இல்லை. பந்தலுக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். விறகுக்கும் பாடைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். 'ஆம்பிளை அழலாமா' என்ற ஒரு கேள்வியில் பிள்ளைப் பருவத்திலேயே வாய் அடைக்கப்பட்டுவிடுகிறது. அழ வழியில்லாதவனுக்குத் திரைப்பாடல் ஒரு சொல்தொகுதியைக் கொடுத்தது. அவன் அழவில்லை, பாடுகிறான். அதில் மானக்கேடு இல்லை. டி. எம். எஸ். பாடிய துயரப் பாடல்களை நான் ஆண்களின் ஒப்பாரி என்றே சொல்வேன்.

மதுரை நகரமோ ஒரு பெண்ணின் அழுகையால் காவியத்தில் நிலைபெற்ற நகரம். கண்ணகி தன் கணவனை இழந்து இவ்வூர்த் தெருக்களில் அரற்றினாள். அவள் அழுகை அரசனைத் தேடிச் சென்றது, வழக்குரைத்தது, நீதி கேட்டது. அதனோடு ஒப்பிடும்போது நம் ராஜாவின் அழுகை எந்த நீதியையும் கேட்பதில்லை. இரக்கத்தைக்கூட நேரடியாகக் கேட்பதில்லை. தன் நிலையைச் சொல்லிவிட்டு நிற்கிறது.

கடல் கடந்த உறவு

இது நமக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ அதே காலத்தில், 1980களின் நடுப்பகுதியில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் முரட்டு இசை வாசித்த இளைஞர் சிலர், கோபத்தை விட்டுத் தம் மனக்காயத்தைப் பாடத் தொடங்கினார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவின் இசைத்தட்டு 1985இல் வந்தது. 'உணர்ச்சி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அவ்வகை இசைக்கு 'இமோ' என்று பிறர் பெயரிட்டார்கள். பாடியவர்களுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை என்பது வேறு செய்தி.

பின்னர் 2006ஆம் ஆண்டு மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற குழு 'வெல்கம் டு தி பிளாக் பரேடு' என்ற பாடலை வெளியிட்டது. இறக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவன். சிறு வயதில் தந்தை தன்னை அழைத்துச் சென்று காட்டிய அணிவகுப்பு அவனுக்கு நினைவு வருகிறது. மரணம் அந்த அணிவகுப்பின் உருவத்திலேயே அவனை அழைக்க வருகிறது. ஒற்றைப் பியானோச் சுரத்தில் தொடங்கிப் பெருமுழக்கமாக விரியும் பாடல் அது. அந்த முதல் சுரம் கேட்டவுடனே இன்றும் அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. கறுப்பு உடை, கண்ணில் மை, கலைந்த முடி என அந்த இளைஞர்கள் தம் துயரத்தை உடம்பிலேயே எழுதிக்கொண்டார்கள். இளைஞர் தற்கொலைக்கு இவ்வகை இசையே காரணம் என்று இலண்டன் நாளிதழ் ஒன்று எழுதியபோது, 2008 மே மாதம் அவ்விதழின் அலுவலகத்துக்கு முன்னால் திரண்டு, 'இந்தப் பாடல்கள் எங்களை உயிரோடு வைத்திருக்கின்றன' என்ற கருத்துப்பட எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

துயரப் பாடல் கொல்லுகிறதா, காக்கிறதா? நாம் இன்று எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. இதற்கு விடை தேடித்தான் நான் தொல்காப்பியத்திடம் போகிறேன்.

கைக்கிளையும் மடலும்

'ஒருதலை ராகம்' என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் படித்தவர்க்குக் கைக்கிளை நினைவுக்கு வரும். ஏழு திணைகளில் முதலாவதாக வைக்கப்பட்ட ஒருதலைக் காமம் அது. காதலை உணரும் பருவமே எய்தாத ஒருத்தியிடம் ஒருவன் தன் மனத்தைச் சொல்கிறான், மறுமொழி இல்லை, சொல்வதிலேயே இன்பம் காண்கிறான். மறுமொழி கிடைக்காதபோதும் சொல்வதில் ஓர் இன்பம் உண்டு என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்ன நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். சோகப் பாடலை ஒருவன் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இலக்கணப்படி பார்த்தால் 'ஒருதலை ராகம்' கைக்கிளை ஆகாது. சுபத்ராவுக்கும் காதல் இருக்கிறது. ஆகவே காமம் இருதலைப்பட்டது. குரல் மட்டுமே ஒருதலைப்பட்டது. முன்னே நான் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே பொருந்துகிறது. படம் முழுவதும் பாடுகிறவர்கள் ஆண்கள். அவளுக்கு மனம் உண்டு, காரணம் உண்டு, கண்ணீர் உண்டு. பாட்டு மட்டும் இல்லை. படத்தின் பெயர் கதைக்குப் பொருந்தாவிட்டாலும் அதன் இசைக்கு முற்றிலும் பொருந்துகிறது.

ராஜாவின் உண்மையான மூதாதையன் மடலேறும் தலைவன். காதலியை அடைய வழியின்றித் தவிக்கும் இளைஞன், பனங்கருக்கால் குதிரை செய்து, யாரும் சூடாத எருக்கம்பூ மாலையைச் சூடி, ஊர்த்தெருவில் ஏறி வருவான். சிறுவர்கள் கூவி நகைப்பார்கள். நாணத்தைத் துறந்து தன் துயரத்தை ஊரறியச் செய்வதே அதன் நோக்கம். குறுந்தொகையில் உண்டு, நெய்தற்கலியில் விரிவாக உண்டு, திருக்குறளில் நாணுத்துறவுரைத்தல் என ஓர் அதிகாரமே உண்டு. கறுப்பு உடையும் கண்மையும் அணிந்த அயல்நாட்டு இளைஞனைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. எருக்கம்பூச் சூடியவன் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இங்கேதான் நம் இலக்கணிகள் ஒரு கோடு கிழித்தார்கள். 'மடலேறுவேன்' என்று தலைவன் சொல்வதைக் களவியலில், அன்பின் ஐந்திணைக்குள்ளேயே தொல்காப்பியர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் உண்மையாகவே ஏறிவிட்டால், அதைப் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில் சேர்த்துவிடுகிறார். சொல்வது அகம், செய்வது அதற்குப் புறம்பு. துயரத்தைச் சொல்லில் வைத்தால் அது காதலின் ஒரு பகுதி. அதையே செயலாக்கித் தன் உடம்பைக் கீறிக்கொண்டு, அவள் பெயரைத் தெருவில் இழுத்தால் அது காதல் ஆகாது. சங்கப் பாடல்களில் பெரும்பாலான மடல்கள் 'ஏறுவேன்' என்ற சொல்லளவில் நின்றுவிடுவதைக் கவனியுங்கள். சொல்லிய பிறகு பெரும்பாலும் ஏற வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. தோழி இரங்குகிறாள், வழி பிறக்கிறது. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பாதி மருந்து.

மடலுக்கு இன்னொரு விதியும் இருந்தது. பெண் மடலேறுதல் மரபன்று என்பார்கள். கடல் போன்ற காமம் கொண்டும் மடலேறாத பெண்ணின் பெருமையைக் குறளும் பேசுகிறது. அந்தத் தடையைத் திருமங்கையாழ்வார் தம் இரண்டு திருமடல்களில் பெண் குரலெடுத்து உடைத்தார். ஆகவே பெண்ணுக்கும் துயரம் சொல்லும் உரிமை வேண்டும் என்ற எண்ணம் நம் மரபுக்கு அயலானதன்று.

ராசி என்னும் சொல்

இப்பாடலைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது. இதே படத்தில் டி. எம். எஸ். பாடிய மற்றொரு பாடல், தன் கதை முடிகிற நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் தொடங்குகிறது. ராசியில்லை என்றும் கதை முடிகிறது என்றும் அவர் பாடினார். அதோடு அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. அமங்கலச் சொல் பலித்துவிட்டது என்று மக்கள் பேசினார்கள். அவரே இதைப் பல மேடைகளில் வருத்தத்தோடு குறிப்பிட்டதுண்டு.

இந்த நம்பிக்கைக்கு நம்மிடம் நீண்ட வேர் இருக்கிறது. செய்யுளின் முதற்சொல் மங்கலமாக இருக்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் பொருத்தம் வகுத்தன. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு நந்திவர்மன் உயிர் நீத்தான் என்ற கதையும், புலவர்கள் அறம் வைத்துப் பாடிய கதைகளும் நாம் அறிந்தவையே. சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று நம்பிய சமூகத்தின் அடையாளங்கள் அவை.

ஆனால் காரணங்களை நிதானமாக எண்ணிப் பார்த்தால் வேறு வரலாறு தெரிகிறது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. திரையிசையின் போக்கே மாறியது. அந்தப் படத்திலும் டி. எம். எஸ். பாடியிருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது. 1977இல் எம். ஜி. ஆர். முதலமைச்சரானார், திரையில் அவர் பாட வேண்டிய தேவை முடிந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த் என்று புதிய நாயகர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பொருந்திய குரல், 1969இல் 'அடிமைப்பெண்' படத்திலேயே தன் வருகையைச் சொல்லிவிட்டிருந்தது. காலம் மாறியது, பாட்டு கொல்லவில்லை. டி. எம். எஸ். 2003இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2013 மே 25 அன்று தொண்ணூறு கடந்த முதியவராக மறைந்தார். 2023இல் மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலை எழுந்தது. ராசியில்லாதவருக்கு அமைகிற வாழ்வா இது?

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. துயரத்தைச் சொன்னால் துயரம் வந்து சேரும் என்ற அந்த அச்சம்தான் இன்றும் நம் வீடுகளில் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. 'அப்படியெல்லாம் பேசாதே' என்கிறோம். அவன் பேசுவதை நிறுத்திக்கொள்கிறான், எண்ணுவதை நிறுத்துவதில்லை.

பாடல் விட்டுச்சென்ற வழி

ராஜாவின் வாரிசுகள் பலர். 1991இல் வந்த 'இதயம்' படத்தின் நாயகனுக்கும் ராஜா என்றுதான் பெயர். அவனும் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான். 2004இல் மதுரைத் தெருக்களில் நிகழும் 'காதல்' வந்தது. அங்கே காதலைப் பிரித்தது விதியும் அன்று, ராசியும் அன்று, சாதி என்று துணிந்து சொல்லப்பட்டது. நாயகன் மனம் பேதலித்துத் தெருவில் நிற்கிறான். மடலேறியவனின் கோலமே அது. 'ராசியில்லை' என்று இளைஞன் தன்மேல் போட்டுக்கொண்ட பழியில் சமூகத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்று அந்தப் படம் காட்டியது. இதை நல்ல வளர்ச்சி என்பேன்.

மற்றொரு கிளை வேறு திசையில் சென்றது. 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடிய 'கொலவெறி' உலகெங்கும் ஒலித்தது. காதலில் தோற்ற இளைஞரைக் குறிக்கும் 'சூப்' என்ற வழக்கு அதனால் பரவியது. அந்தப் பாடல் பெரும்பாலும் தன்னைத்தானே கேலி செய்வது. ராசியில்லா ராஜாவின் தம்பி என்று விட்டுவிடலாம். ஆனால் அதே ஆண்டு வந்த வேறொரு படப்பாட்டு, தன்னை விட்டுப் பிரிந்தவளை அடிக்கச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. அதன்பின் பெண்ணைப் பழிக்கும் பாடல்கள் ஒரு வகைமையாகவே பெருகின. 'எனக்கு ராசியில்லை' என்று 1980இல் சொன்னவன், 'அவள் சரியில்லை' என்று சொல்லக் கற்றுக்கொண்டான். மறுத்த பெண்ணின் மீது அமிலம் வீசியவன், அரிவாள் எடுத்தவன் பற்றிய செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாட்டுத்தான் அவர்களைத் தூண்டியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பழியை யார்மேல் வைப்பது என்று பாட்டு பழக்கிவிடுகிறது. 'ஏறிய மடல்' என்று தொல்காப்பியர் விலக்கிய எல்லையை நாம் தாண்டிவிட்டோம்.

முதற்பாடலும் குற்றமற்றதன்று. அந்தப் படம் இளைஞனின் சாவைக் காதலின் சான்றாக நிறுத்துகிறது. அவள் காலம் தாழ்த்தியதற்கு அவன் பிணம் தண்டனையாகிவிடுகிறது. பாட்டில் இல்லாத பழி கதையில் இருக்கிறது. பாட்டை நேசிக்கிற நாம் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிவீதியாரின் உவமை

நிறைவாக, மதுரையோடு மரபால் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெண்பாற் புலவரை நினைவுகூர்கிறேன். வெள்ளிவீதியார். கணவனைத் தேடி அவர் அலைந்த துயரை ஔவையாரே அகநானூற்றில் உவமையாக எடுத்தாள்கிறார். தம் துயரத்தையே பல குறுந்தொகைப் பாடல்களாக்கியவர். ஆனால் அவர் இயற்றிய ஐம்பத்தெட்டாம் பாடலில் ஆண்மகன் பேசுகிறான்.

காதல் நோயுற்ற தலைவனை நண்பன் இடித்துரைக்கிறான். தலைவன் சொல்கிறான்: கொதிக்கும் வெயிலில் ஒரு பாறை, அதன்மேல் வெண்ணெய். காவலுக்கு ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவனுக்குக் கையில்லை, வாயில் பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்க்க மட்டுமே அவனால் முடியும். என் நோய் அப்படிப் பரவுகிறது. அதைத் தாங்குவது அரிது.

ஓர் ஆணின் சொல்லற்ற தவிப்புக்குத் தமிழில் இதற்கு மேலான படிமம் இன்றுவரை பிறக்கவில்லை என்பது என் துணிபு. அதைச் செய்து தந்தவர் ஒரு பெண். தாமே பெருந்துயரம் சுமந்தவர் ஆண்மகனின் நெஞ்சுக்குள் சென்று அவன் ஊமையாக இருப்பதைக் கண்டு சொன்னார். அந்த வழக்கத்தை நம் ஆண் கவிஞர்கள் திருப்பிச் செய்தார்களா? சுபத்ராவின் நெஞ்சுக்குள் சென்று, அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒரு பாடலேனும் பாடினார்களா? சங்கத்து அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 1980இன் அந்த இரயில் பெட்டியில் அவள் மட்டும் பேசவில்லை.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். அந்தக் குறுந்தொகைத் தலைவனுக்குக் கேட்க ஒருவன் இருந்தான். இடித்துரைத்தாலும் பாங்கன் பக்கத்தில் இருந்தான். டீக்கடைப் பெஞ்சில் நால்வர் சேர்ந்து ராசியில்லா ராஜாவைக் கேட்ட காலத்தில் அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் பாங்கர்கள். பாட்டு முடிந்ததும் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டிருப்பான். இன்று அதே பாடலை நள்ளிரவில் காதுக்குள் செருகிய கருவியில் ஒருவன் தனியே கேட்கிறான். பாடலில் மாற்றமில்லை, பக்கத்தில் இருந்தவன் இல்லாமல் போனான். துயரப் பாடல் காக்குமா, கொல்லுமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பாட்டைக் கேட்கிறவனைக் கேட்க ஒருவர் இருந்தால் காக்கும்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் நெஞ்சுக்கு நெருக்கமான பாடலை, எந்த மொழிப் பாடலாயினும், கொண்டுவந்து அதன் பொருளை அவர்களே சொல்லட்டும். மாணவியரும் சொல்லட்டும், குறிப்பாக அவர்கள் சொல்லட்டும். நாம் இடித்துரைக்க வேண்டாம். யாப்புப் பிழை காண வேண்டாம். 'அப்படியெல்லாம் பேசாதே' என்று தடுக்கவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கையில்லா ஊமை காத்த வெண்ணெயாக எந்தப் பிள்ளையும் நம் ஊரில் உருகிப் போகாமல் இருக்க, இலக்கிய வட்டம் செய்யக்கூடிய பணி இது.